கடைமடை

இரண்டு மணிக்கட்டும் ஒரே நாளில் உடைந்தன.
பைக்கின் பின்சீட்டிலிருந்து, கோட்டூர் வளைவில்,
மழைகூடப் பெய்யாத ஒரு மத்தியானம்.
மாவுக்கட்டு ஆறு வாரம் என்றார் டாக்டர்.
தலையை யார் பின்னிவிடுவார்கள்
என்றுதான் முதலில் கேட்டேன்.
கேட்டுவிட்டு வெட்கப்பட்டேன்.

வெட்டிவிடலாமே அண்ணி, வளரத்தானே போகிறது
என்றாள் செண்பகவல்லி.
கத்திரிக்கோல் ஏற்கெனவே அவள் கையில் இருந்தது.
பிளாஸ்திரி நறுக்க எடுத்ததாம்.

உத்திராபதிக்குத் தெரிந்தது ஷட்டர்.
எத்தனை சுற்றுக்கு எத்தனை அங்குலம் ஏறும்,
எந்த மதகில் எந்த இடுக்கில் நண்டு குடியிருக்கும்,
எல்லாம் தெரியும்.
லஸ்கர் உத்தியோகம், இருபத்திரண்டு வருஷம்.
மூன்றுகால் பின்னல் மட்டும்
எந்த ஆர்டரிலும் வந்ததில்லை.

முதல் பின்னல், மாட்டுக்கயிறு.
நெற்றி இழுபட்டுப் புருவம் மேலேறி
நாள் முழுக்க எதற்கோ
ஆச்சரியப்பட்டுக்கொண்டே இருந்தேன்.
மூன்றாம் நாள் காதோரம் பொடிப்பொடியாய்க் கொப்புளம்.
"தளர்த்துங்க."
"அவுந்துடுமே."
"அவுந்தா என்ன, வெள்ளமா வந்துடும்?"

அடுத்தது ஈரத்தோடு போட்டது.
தலை காயக் காத்திருந்தால்
ஐந்து மணி பஸ் போய்விடும் அவருக்கு.
மறுநாள் அவிழ்த்தபோது
நனையவிட்டு மறந்த சாக்கின் வாடை.
எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார்.
அதைப்பற்றி இருவரும் பேசவில்லை.

எண்ணெய் என்றால் உச்சிக்கு, அவ்வளவுதான் அவர் கணக்கு.
உள்ளங்கைக் குழி நிறைய ஊற்றி
வகிட்டில் தட்டித் தட்டி வைப்பார்.
வகிடு பளபளத்தது. தலையணை பளபளத்தது.
இடுப்பருகே தொங்கிய நுனி
பங்குனி வைக்கோலாய் முறிந்தது.

ஒரு ராத்திரி சொன்னேன்:
"கடைமடைக்குத் தண்ணி வரலை."

சிரிப்பார் என்று நினைத்தேன்.
ஆனி பிறந்தால் இதே வார்த்தையோடு
சைக்கிளில், டிவிஎஸ்ஸில், ஒருமுறை டிராக்டரிலேயே
வாசலுக்கு வந்திருக்கிறார்கள்.
விட்டாச்சு, வந்துக்கிட்டிருக்கு என்று
கதவுக்கு உள்ளேயிருந்தே பதில் சொல்லியிருக்கிறார்.

எழுந்து விளக்கைப் போட்டார்.
நுனியை விரலில் சுற்றி வெளிச்சத்தில் பிடித்தார்.
ஒவ்வொன்றும் இரண்டாகக் கிளை பிரிந்திருந்தது.
கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே பாட்டிலை
நாலு தரம் அலசி, முகர்ந்து, மறுபடி அலசி,
முக்கால்வாசி தண்ணீர், ஒரு மூடி தேங்காயெண்ணெய்.
குலுக்கிக் குலுக்கி
கீழேயிருந்து மேலே வந்தார்.
சீப்பும் அப்படித்தான் வரவேண்டும் என்று
யாரும் சொல்லாமலே அந்த ராத்திரி பிடிபட்டது.
மல்லாந்து படுக்க வாகாய் இரட்டைப் பின்னல்,
ஒரு விரல் நுழையும் தளர்ச்சியில்.
தலையணைக்கு என் கல்யாண ரவிக்கையின்
கிழிந்த பட்டு. அதை எங்கிருந்து எடுத்தார்,
இன்னும் கேட்கவில்லை.

ஞாயிறுதோறும் அவிழ்ப்பு.
வெயில் தாழும்வரை விரித்துப்போட்டபடி நான்,
பக்கத்தில் டீ ஆறிக்கொண்டு.
அதை வாயருகே பிடிப்பதும் அவர்தான்.

கட்டைப் பிரித்தபோது
மணிக்கட்டு இரண்டும் மெலிந்து, தோல் உரிந்து,
யாருடையவோ போல் மடியில் கிடந்தன.
பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டேன்,
ஏதாவது ஒன்று என்னுடையதாக இருக்கட்டும் என்று.

ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடி அவர் பையைத் துழாவினேன்.
நீர் திறப்பு நோட்டு வந்தது.
மணி, ஷட்டர் உயரம், கன அடி.
இடையிடையே பென்சிலில்:

14 – அவிழ்த்தது. உதிர்ந்தது நெல்லிக்காய் அளவு.
17 – இடது, நுனி வரை போனது.
18 – வலது பாதிதான். நாளை முதல் முறை வலதுக்கு.

அதற்கு நேர் கீழே, பச்சை மையில்,
சரிபார்த்தேன் என்று
என்ஜினியர் கையெழுத்து.