சூடை கடலுக்குப் போன கதை

நான் உரும்பிராய்க்காரன்.
எனக்குக் கடலென்றால்
வாழைக்குப் பாயும் வாய்க்கால்,
கொஞ்சம் அகலமாக, கொஞ்சம் உப்பாக.
அந்தத் துணிவில் எழுதினேன்:
பூனையொன்று வள்ளமேறிப் போகிறது,
புயல், பனை உயர அலை,
வள்ளம் கவிழ, ஆமை முதுகில் கரை சேர்கிறது.
பதினாறு பக்கம். படங்களும் நானே கீறினேன்.

குருநகரில் வாசிக்கக் கூப்பிட்டார்கள்.
சனசமூக நிலையம், சனிக்கிழமை பின்னேரம்,
ஒரு நீலப் படங்கில் பதினொரு பிள்ளைகள்.
யன்னலால் வந்தது வலை காயும் மணம்.

முதல் பக்கத்திலேயே கை உயர்த்தினான் றொக்சன்.
"எங்கையிருந்து வெளிக்கிடுது, சேர்?"
இங்கேயிருந்துதான்.
"எங்கை கவிழுது?"
மண்டைதீவுக்குக் கிட்ட என்றேன்,
வாயில் வந்ததை.
படங்கு முழுக்கச் சிரிப்பு உருண்டது.
"அதிலை இடுப்பளவு தண்ணி.
ஆமை என்னத்துக்கு?
எங்கடை சித்தப்பா நடந்து போய்த்
தூக்கிக்கொண்டு வருவார்."

எந்த மாதம் என்று கேட்டாள் பிலோஷா.
ஆடி என்று எழுதியிருந்தேன்.
"ஆடியெண்டால் சோழகம்.
பூனை பாய் விரிச்சால்
காத்து திருப்பிக் கொண்டந்து
வீட்டு வாசலிலைதான் விடும்."

பூனையின் பெயர் மாலுமி என்றேன்.
ஒருவரும் சிரிக்கவில்லை, அதுதான் பயமாயிருந்தது.
"பூனைக்கு ஆர் சேர் அப்பிடிப் பேர் வைக்கிறது?
சூடை எண்டு வையுங்கோ."
வைத்தேன்.

பிறகு கதை என் கையில் இல்லை.
சூடை ஐஸ் பெட்டிக்குள் ஒளித்துப் போனது.
விறைத்து, தும்மி, பிடிபட்டது.
பாயைக் கழற்றி எஞ்சின் பூட்டினார்கள்.
நண்டொன்று சுக்கான் பிடித்தது,
ஆனால் பக்கவாட்டில் மட்டுமே போகத் தெரிந்ததால்
நெடுந்தீவுக்குப் போய்ச் சேர்ந்தது வள்ளம்.
அங்கே கரையில் ஒரு மட்டக்குதிரை.
பதினைந்து குதிரை வலு எஞ்சின் என்று நண்டு பெருமையடிக்க,
குதிரை மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துக் கேட்டதாம்:
"எங்கை மற்றப் பதினாலு பேரும்?"
பதினைந்தென்றால் பதினைந்துதான் என்று ஒருவன் சண்டைக்கு வந்தான்.
இல்லை, கேட்ட குதிரையையும் சேர்த்து எண்ண வேணும் என்றான் றொக்சன்.
அரைமணி நேரம் அந்தக் கணக்கில் போனது.

நான் வெட்டினேன், வெட்டினதின் மேல் எழுதினேன்.
பென்சில் இரண்டுமுறை முறிந்தது.
எஞ்சின் பழுதாக வேணும் என்றார்கள், பழுதாக்கினேன்.
மண்ணெண்ணெய் முடிய வேணும் என்றார்கள், முடித்தேன்.
மூன்று இரவு கடலில் சூடை.

அப்போதுதான் மெரீற்றா,
அதுவரை படங்கின் ஓரத்து நூலைப்
பிரித்துப் பிரித்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவள்,
நிமிராமல் கேட்டாள்:
"கரையிலை ஆர் நிக்கினம்?"

புரட்டிப் பார்த்தேன்.
முன்னுக்கிருந்து பின்னுக்கு, பின்னுக்கிருந்து முன்னுக்கு.
பதினாறு பக்கமும் கடல்.
அலை கீறியிருந்தேன், மேகம் கீறியிருந்தேன்,
ஆமையின் நகத்தைக்கூட.
ஒரு கரை கீறவில்லை.

"மூண்டு நாள் வரேல்லையெண்டால்
ஆரும் நிப்பினம் தானே," என்றாள்,
எனக்கு விளங்கவில்லையோ என்று நினைத்து, மெதுவாக.

கோழி நிற்கட்டும் என்றார்கள் சிலர்.
கோழி இருட்டினால் நித்திரையாகிவிடும்.
ஆடு? ஆட்டுக்குப் பொறுமை இல்லை.
கடைசியில் நாய் என்று முடிவாயிற்று,
சூடையோடு ஒருநாளும் ஒத்துப்போகாத அந்த நாய்,
மீன்தலைக்குக் கடிபட்ட நாய்,
வாயில் ஒரு ரோச் லைற்றைக் கவ்விக்கொண்டு
இறங்குதுறையில் மூன்று இரவும்.

பின் அட்டையின் உட்புறம் வெறுமையாயிருந்தது.
அதில் கீறினேன்.
மெரீற்றா என் தோளுக்கு மேலால் பார்த்து
வெளிச்சம் இன்னும் தூரம் போக வேணும் என்றாள்.
கோட்டைத் தாளின் விளிம்புவரை இழுத்தேன்.

நாய் குரைத்தது என்று கீழே எழுதப் போக,
"ரோச்சை வாயிலை வைச்சுக்கொண்டு
எப்பிடிக் குரைக்கிறது, சேர்?" என்றான் றொக்சன்.

அதுவும் சரிதான்.
நாய் குரைக்கவில்லை.