ஒன்பதாவது கேள்வி

வலிப்பு வந்ததுண்டா? இல்லை.
பேஸ்மேக்கர்? இல்லை.
எல்லாவற்றுக்கும் நான்தான் பதில்.
பக்கவாதம் இவர் வலக்கையோடு
பேச்சையும் கொண்டுபோயிருந்தது.

காந்தச் சுருள் தலைக்குமேல் டொக்டொக்கென்று தட்டும்,
பயப்பட ஒன்றுமில்லை என்றாள் ருகையா சிஸ்டர்.
கீழக்கரை ஆஸ்பத்திரி ஜன்னலில் வாடைக்காற்று.

"தலையில் இரும்பு ஏதும்?"
"வலை இழுக்கிறவருக்கு இரும்பு ஏது" என்று சிரித்தேன்.

இவர் இடக்கை எழுந்தது.
காதுக்குப் பின்னால், முடிக்குள்,
ஓரிடத்தைத் தொட்டு
அங்கேயே நின்றது.

எக்ஸ்ரேயில் மிளகளவு வெள்ளை.

பதினாறு வருஷம் முன்னால்
கச்சத்தீவுப் பக்கம் போய்
காதோரம் ரத்தம் உறைந்து கரையேறிய விடியலில்
கப்பி தெறித்தது என்றார்.
மஞ்சள் அரைத்து நான்தான் அப்பினேன்.

ருகையா சுவிட்சை அணைத்தாள்.
டாக்டர் பார்க்காமல் முடியாதாம்.
படிவத்தில் "இல்லை"யை அடித்துவிட்டு
"ஆம்" எழுதினேன்.

அப்புறம்தான் கையை எடுத்தார்.