எத்தனாம் நம்பர் நூல்

காலை ஏழு இருபது சோமனூர் பஸ்ஸில்
ஒரு தெர்மக்கோல் பெட்டி வரும்.
கண்டக்டர் அதை மீன் என்றே நினைத்திருக்கிறார்.
ஹோப் காலேஜ் நிறுத்தத்தில் இறக்கிக்கொள்வேன்.
உள்ளே, சென்னியப்பன் வயிற்றில்
இரவெல்லாம் தங்கிய இரண்டு லிட்டர்,
சோளத்தட்டு ஊறிய தண்ணீரின் நிறம்.

சுழற்றி, மேல்நீரைக் கொட்டிவிட்டு
அடியில் படியும் நகக்கண்ணளவை
தட்டில் இட்டு வளர்க்கிறேன்.
குடலைப் போர்த்திய மெல்லிய சவ்விலிருந்து
உதிர்ந்த செல்கள் அவை.
முதல் வருடம் கல் பாவிய தளம்போல்
தோளோடு தோள் ஒட்டிக் கிடந்தன.
இரண்டாம் வருடம் சில, ஒட்டை விட்டன.
நீண்டன. இரு முனையும் கூர்ந்தன.
கொஞ்சம் கொஞ்சமாக நகரவும் கற்றன.
நோட்டில் எழுதினேன்: கதிர் வடிவம்.

கேட்டதும் சென்னியப்பன் சிரித்தார்.
"கதிருன்னா, நம்ம மில்லுக் கதிருங்களா?"
ஆமாம்.
"அப்ப உள்ளார நூல் நூக்குதுன்னு சொல்லுங்க."
ஆமாம், நார் நாராக. சவ்வு தடித்துப்போகும்.
"எத்தனாம் நம்பர் நூலுங்க?"
கொலாஜன், முதல் வகை, என்றேன்.
"ஒண்ணாம் நம்பரா? சாக்குத் தைக்கத்தான் ஆகும்."

ஒருமுறை வீட்டுக்குப் போயிருந்தேன்.
ஆறு தறி ஓடும் கூடம்.
சிலந்தி வலையில்கூடப் பஞ்சு.
ஒரே ஒரு அறையை பிளாஸ்டிக் தாள் ஒட்டி அடைத்து
நாலு வேளையும் தறியை நிறுத்திவிட்டு
முழங்கை வரை சோப்புப் போட்டு உள்ளே போவார்.
தண்ணி மாத்தறது என்பார்,
மடை மாற்றுவது மாதிரி.
தறி நின்ற நொடியில்
பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்து அழும்.

பைகளில் மஞ்சள் வளையம், பச்சை வளையம், சிவப்பு வளையம்.
சிவப்பில் சர்க்கரை அதிகம்.
உடம்பிலிருந்து நீரை இழுப்பது அந்தச் சர்க்கரை.
சவ்வைச் சுடுவதும் அதேதான்.
ஏழு வருடமாக
இதைவிட எளிதாகச் சொல்ல முயல்கிறேன்,
முடியவில்லை.

நாற்பத்தோராவது மருந்து.
ஒன்பதாம் நாள், ஒரு சனிக்கிழமை,
தட்டில் சில கதிர்கள் முனையை உள்ளிழுத்திருந்தன.
பக்கத்துச் செல்லை எட்டித் தொட்டிருந்தன.
நான் போட்ட சத்தத்தில்
ரஹீலா கையுறையோடு ஓடி வந்தாள்.
மூன்று தட்டில் நடந்தது. திரும்பச் செய்தோம்,
பத்தில் ஏழில் நடந்தது.
எலிக்குப் போக ஒன்றரை வருடம்.
மனிதருக்கு,
அந்தக் கட்டத்தை விண்ணப்பத்தில் காலியாக விட்டிருக்கிறேன்.

சோமனூரில் அந்த மாதம்
சிவப்பு வளையம் போட்டும் தண்ணீர் இறங்கவில்லை.
விட்டது இரண்டு லிட்டர்,
வந்தது ஒன்றே முக்கால்.
மிச்சம் காலிலும் கண்ணுக்குக் கீழேயும் நின்றது.
வயிற்றுக் குழாயை எடுத்துவிட்டார்கள்.
இனி வாரம் மூன்று நாள்
அவிநாசியில் மெஷினோடு நாலு மணி நேரம்.

போன் செய்தார்.
"இனி பை வராதுங்க, கோச்சுக்காதீங்க."
யார் யாரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு அது.
பின்னால் தறி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது,
பத்து மணி, தண்ணி மாத்தும் நேரத்தில்.
சொல்லலாமா கூடாதா என்று
எந்தக் குழுவையும் கேட்காமல்
தட்டில் நடந்ததைச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் தறிச் சத்தம் மட்டும்.
பிறகு,
"அப்ப என்னுது அங்க நல்லாருக்குது" என்றார்.

ஆமாங்க, என்றேன்.
போனை வைத்துவிட்டுக் கையுறை மாட்டினேன்.
இரண்டு நாளைக்கு ஒருமுறை
அவற்றுக்கும் தண்ணி மாத்த வேண்டும்.
இளஞ்சிவப்பு நீர், முப்பத்தேழு டிகிரிச் சூட்டில்.
அதிலும் சர்க்கரை உண்டு.
அளந்து ஊற்றினேன்.