கல் வளர்க்கிறவள்

ரெஜைனாவின் பனிச்சாலைகளில்
இரவெல்லாம் லாரியிலிருந்து உப்பு தூவிவிட்டு
வீட்டுக்கு வந்து
வாளியில் வேறு உப்பைக் கரைக்கிறாள் ஓரிசியா.
இது ஒரு கைப்பிடி கூடக்கூடாது.

ஆறாவது வாரம்.
ஹீட்டர், விளக்கு, அலை கிளப்பும் மோட்டார்,
நடுவே நாலு கல். மீன் இல்லை.
"கல்லா வளர்க்கிறாய்?"
பூட்ஸைக் கழற்றாமலே கேட்டுப் போனான்
பக்கத்து வீட்டு லைல்.

சோதனைக் குழாயில் அம்மோனியாப் பச்சை
நேற்றுதான் மஞ்சளுக்குத் திரும்பியது.

வெளியே மைனஸ் பதினாறு.
திரையை இழுத்து விளக்கை அணைத்தபோது
கல்லின் பொந்திலிருந்து
மயிரிழையாய் ஒரு கை,
தயங்கி இன்னொன்று.
காசு கொடுத்து வாங்காத நட்சத்திரம்;
கடுகளவு உடம்பு.

டார்ச்சில் சிவப்புத் தாள் சுற்றி
கோட்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.
உதடு கரிக்கிறது, எந்த உப்போ.
நாலு கை தெரிகிறது.
ஐந்தாவதைப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப்போவாள்.