மாத்திரைக்கு முழங்கால் தெரியாது

கடல் முழுதாய் வற்ற இன்னும் நாற்பது நிமிடம்.
மருந்துக்கடை ஷட்டரை நான் பாதி தூக்கும்போதே
குனிந்து உள்ளே வந்துவிடுகிறாள் தோரெஸ்.
இந்தக் கலீசியக் கரையில் அந்தப் பெயருக்கு
வலிகள் என்று பொருள்.
ஞானஸ்நானத்தன்று யாரும் யோசிக்கவில்லை போல.

ரப்பர் பூட்ஸ். தோளில் மட்டி வாரும் நீள வாருகோல்.
இரவெல்லாம் வீங்கிய வலது முழங்கால்.
"அறுநூறு" என்பாள், வேறொன்றும் சொல்லாமல்,
ரொட்டி கேட்பவள் போல.

இன்று மட்டும் கேட்டாள்:
"இது எப்படி என் முட்டியைக் கண்டுபிடிக்குது?"

கண்டுபிடிப்பதில்லை தோரெஸ்.
மாத்திரைக்கு முழங்கால் தெரியாது.
ரத்தத்தில் ஏறி, எல்லாக் கதவின் கீழும்
நுழையும் சுற்றறிக்கை அது.

நசுங்கிய செல்லின் சுவரிலிருந்து
கொஞ்சம் கொழுப்பு உதிர்கிறது.
அதைப் பிடித்து முறுக்கி
புரோஸ்டாகிளாண்டின் ஆக்குகிறது ஒரு நொதி.
அது வலி இல்லை. வலிக்கு முன்னால் வருவது.
நரம்பின் தோலை உரித்துவிட்டுப் போகும்,
காற்றும் கல்லாய்ப் படும்படி.
ரத்தக்குழாயை அகட்டும். சூடு, சிவப்பு, வீக்கம்.

அந்த நொதிக்குள் ஒரு குடைவு,
நீ மணலில் தேடும் மட்டியின் மூச்சுத்துளை மாதிரி.
மருந்து போய் அதில் உட்கார்ந்துகொள்கிறது,
சில மணி நேரம்.
பிறகு எழுந்து போய்விடும்.
தேய்ந்த குருத்தெலும்பு தேய்ந்ததுதான்.

"அப்ப முட்டி கத்துது, எனக்குத்தான் கேக்கல?"

இல்லை. அதற்குத் தொண்டை கட்டிவிடுகிறது.

அவள் சிரிக்கவில்லை.
"போன வாரம் கறுப்பா போச்சு" என்றாள்,
வாருகோலின் பற்களைப் பார்த்துக்கொண்டே.
எதைச் சொல்கிறாள் என்று புரிய
எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அதே நொதியின் உறவுதான் தோரெஸ்,
வயிற்றுச் சுவரில் வழவழவென்று பூச்சு போட வைப்பதும்,
அமிலம் தன் வீட்டையே தின்றுவிடாதபடி.
அறிக்கை அங்கும் போயிருக்கிறது.

பெட்டியைத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.
ஆஸ்பத்திரிக்குப் போ, இன்றே, இப்போதே என்றேன்.
சுவரில் ஒட்டியிருக்கும் வற்ற அட்டவணையைப் பார்த்தாள்.
நல்ல வற்றம். மாதத்தில் இரண்டு தடவைதான்
கரை இவ்வளவு தூரம் திறக்கும்.
என்னைத் திட்டினாள் என்று நினைக்கிறேன்.

பொன்தேவெத்ரா பஸ் வளைவில் நின்று கிளம்பியது.
கீழே மணலில் ஐம்பது முதுகுகள் வளைந்திருக்கின்றன.
எண்ணிப் பார்க்க இங்கிருந்து முடியாது.

வாருகோல் மட்டும் என் ஷட்டரில் சாய்ந்திருக்கிறது,
பற்களில் நேற்றைய மணல்.