நூற்றுப் பதினெட்டரை

மூன்று கிரெடிட்டுக்கு நூற்றிருபது மணி நேரம்.
ஒன்றுக்கு நாற்பது.
வகுத்துப் பார்க்கச் சமூகவியல் தேவையில்லை.
பதினோரு வருடமாகத் துறை அலுவலகத்தில்
இன்டர்ன்ஷிப் தாள்களைக் கூட்டிக்கொண்டிருக்கிறேன்.
கையெழுத்து பேராசிரியருடையது.
அவர் கூட்டிப் பார்ப்பதில்லை.
முத்திரை என் மேசையில்.

டிசம்பர் இரண்டாம் வாரம், டுலூத்.
ஏரி இன்னும் உறையவில்லை, புகைந்துகொண்டிருக்கிறது.
பிள்ளைகள் பூட்ஸில் பனியோடு வந்து
தாளை வைத்துவிட்டுப் போகிறார்கள்.
சிறார் காப்பகத்தில் ஒருவன், முதியோர் இல்லத்தில் ஒருத்தி,
குடியை விட்டவர்கள் விடுதியில் இரவு ஷிப்ட் இரண்டு பேர்.
எல்லாருடைய மணியும் முழு மணி.
ஒருவருக்கும் பஸ் பத்து நிமிடம் தாமதமானதில்லை.

ஐலா நீமியின் தாள் மட்டும்
அரை, கால், முக்காலாக நொறுங்கிக் கிடக்கிறது.
நீதிமன்றம், இரண்டாம் மாடி,
வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்குகளுக்கு உதவி மேசை.

‘அக்டோபர் 4. படிவம் நிரப்பினேன். ஒன்றே கால்.
அக்டோபர் 11. ஜெராக்ஸ் மெஷின் நின்றுவிட்டது.
அதன் பக்கத்தில் நானும் நின்றேன். முக்கால்.
அக்டோபர் 18. லொரெட்டா என்பவர்
உனக்கு இங்கே என்ன சம்பளம் என்று கேட்டார்.
சம்பளம் இல்லை, நான்தான் கட்டுகிறேன் என்றேன்.
எவ்வளவு என்றார். சொன்னேன்.
அது என் ரெண்டு மாத வாடகை என்றார்.
சிரித்தார். நானும். இரண்டரை.’

பெயர் எழுதக் கூடாது. விதி.
கறுப்பு மையால் அடித்தேன்.
முதலெழுத்தின் தலை மட்டும் வெளியே நிற்கிறது.
மற்றபடி, வாசிப்பது என் வேலை இல்லை.

‘நவம்பர் 15. தீர்ப்புக்குப் பிறகு
அவரோடு பஸ் நிறுத்தத்தில்.
இரண்டு பஸ் வந்து போயின. அவர் ஏறவில்லை.
எந்தப் பக்கம் போகிற பஸ் என்று முடிவாகவில்லை அவருக்கு.
ஒன்றரை மணி நேரம்.
இதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.’

கூட்டினேன்.
மறுபடி, கீழிருந்து மேலாக.
நூற்றுப் பதினெட்டரை.

போன் போட்டேன்.
அந்த ஒன்றரையைச் சேர்த்துக்கொள், முடிந்தது விஷயம்.
‘அது வேலை இல்லை’ என்றாள்.
‘சும்மா குளிர்ந்துகொண்டிருந்தேன், அவர் பக்கத்தில்.’
குளிர்ந்ததையும் எழுதலாம், அம்மா.
‘தொடர் ஆதரவு’ என்று ஒரு கட்டமே இருக்கிறது, பார்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
எங்கோ மைக்ரோவேவ் மணி அடித்தது.
‘அந்தக் கட்டத்துக்குள் அவரைப் போட முடியாது.’

எனக்குக் கோபம்.
இந்தப் பருவம் போனால்
அடுத்ததற்கு மறுபடி பணம் கட்ட வேண்டும்.
கடன் வாங்கிக் கடன் செய்கிறவளுக்கு
இத்தனை பிடிவாதம் ஆகாது.
இதே பல்கலைக்கழகத்தில்
ஒன்பது கிரெடிட் எனக்கும் பாக்கி.
அது இங்கே பேச்சில்லை.

சனிக்கிழமை போனாளாம்.
நீதிமன்றம் பூட்டு.
சுப்பீரியர் தெருவில் அவர்களுடைய அலுவலகப் பின்னறையில்
மேற்பார்வையாளர் டுவெய்ன் ஒரு பெட்டியைத் தள்ளினாராம்.
நன்கொடை கேட்கும் கடிதங்கள்.
மூன்றாக மடித்து, உறையில் செருகி,
ஈரப் பஞ்சால் ஒட்டி,
நூற்றெழுபது உறைகள்.
ஒன்றரை மணி.

அது செல்லும்.
விதி அப்படித்தான்:
மேற்பார்வையில், கூரைக்குக் கீழே,
எண்ணக்கூடியது.

முத்திரை வைத்தேன். மை கொஞ்சம் இழுத்துவிட்டது.
மூன்று கிரெடிட்.
கணினியில் ஏற்ற நாற்பது நொடி.

நாலரைக்கு அலுவலகம் மூட வேண்டும்.
மூன்றாவது பஸ்ஸில் ஏறினாரா அந்தப் பெண்,
தாளில் இல்லை.
பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.