சோப்பின் மேல் போட்ட பழி

உன் முழங்காலைத் திறந்ததும்
டாக்டர் கொஞ்ச நேரம் பேசவே இல்லையாம்.
வெள்ளையாய் வழவழக்க வேண்டிய குருத்தெலும்பு
அடுப்புக்கரி போல் கிடந்ததாம்.
ஜிலினா ஆஸ்பத்திரியின் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில்
நர்ஸ் டோப்ரோஸ்லாவா சொன்னாள்,
சில்லறையை எண்ணிக்கொண்டே.

வெந்தெலின்,
முப்பத்தொரு வருஷம் உன் சட்டைகளைத் துவைத்தவள் நான்.
அக்குளில் பழுப்புக் கறை.
சோப்பை மாற்றினேன்.
தண்ணீரில் இரும்பு என்றேன்,
ஆலை எண்ணெய் என்றேன்,
ஒரு பனிக்கால இரவில்
யார் வீட்டு அழுக்கு இது என்றும் கேட்டேன்.
உன் கண் வெள்ளையில் இருந்த புள்ளியை மட்டும்
மச்சமென்று கொஞ்சினேன்.

டாக்டர் தாளில் அம்புகள் போட்டார்.
நாம் தின்னும் ஆட்டுப்பால் கட்டி
உடைந்து உடைந்து அமினோ அமிலமாகி
நொதிக்கு நொதி கைமாறிப் போகிறதாம்.
முதல் ஆள், இரண்டாம் ஆள், மூன்றாம் ஆள்.
நான்காவது நொதியின் பெயர்
என் வாயில் நுழையவில்லை.
உன் உடம்பிலும் அது நுழையவில்லை.

உனக்கு உடனே விளங்கிவிட்டது.
"பேரிங் லைனில் ஆளில்லாத ஸ்டேஷன்" என்றாய்.
"மூணாவது ஆள் நிறுத்த மாட்டான்.
அவனுக்கு எப்படித் தெரியும்?
குண்டு வந்து குவிஞ்சுகிட்டே இருக்கும்."
மைக்ரான் பிசகினாலும் பேரிங்கை ஒதுக்கித் தள்ளிய கை
போர்வை மேல் சும்மா கிடந்தது.

பிறகுதான் அவர் குழந்தைகளைப் பற்றிக் கேட்டார்.
அது சிறுநீரில் இறங்குமாம்,
காற்றில் நின்றால் கறுக்குமாம்,
காரமான சோப்பு பட்டால் சீக்கிரமே.
ஒற்றைப் பிழையால் வராதாம்.
பிள்ளைக்கு வர
அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று.

லுபோரின் அணையாடைகள்.
வாளியில் ஊறப்போட்டுத் திரும்பினால்
மை கொட்டியது போல.
மளிகைக்காரியிடம் சண்டை போட்டு
பாதிக் கட்டியைத் திருப்பிக் கொடுத்து வந்தேன்.
அந்த வீட்டில் அன்று
அந்தச் சோப்பு ஒன்றுதான் உண்மையைச் சொன்னது.

தாழ்வாரத்துக்கு வந்து போன் போட்டேன்.
லின்ஸ் நகரில் ஏதோ கூரை மேல் இருந்தான்.
காற்று இரைந்தது.
"லுபோர், சிரிக்காதே.
மூத்திரத்தைக் கொஞ்ச நேரம் அப்படியே விட்டால்
என்ன நிறம்?"

சுத்தியல் சத்தம் நின்றது.

"கறுப்புதான்.
எல்லாருக்கும் அப்படித்தானே, அம்மா?"